மங்கலம்பேட்டையிலிருந்து வங்கிக்கு

"பேங்க் டிரெயினிங் முடிச்சா பேங்க்ல வேலை கெடச்சிடுமா?" மாற்றுத்திறனாளி மகனையோ மகளையோ பாடுபட்டுப் பட்டப்படிப்புவரை கொண்டுவந்துவிட்ட பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான். கடலூர் மாவட்டத்தில் மங்கலம்பேட்டை போன்ற ஒரு பேரூராட்சியில், வயல்வேலையையும் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளையும் விட்டால், உட்கார்ந்து பார்க்கும் வேலை என்று கைகாட்ட அதிகம் இல்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் நம்பிக்கை முழுவதும் நிற்கிறது. நேரான பதில்: எந்தப் பயிற்சி என்பதைப் பொறுத்தது. ஒரே பெயரில் நாலைந்து வேறுவேறு பயிற்சிகள் ஊருக்குள் உலவுகின்றன.

அதிகம் குழப்புவது ஆர்செட்டி எனப்படும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம். வங்கி நடத்துகிறது, கட்டணம் இல்லை, சாப்பாடும் உண்டு. ஆனால் அங்கே கற்றுத்தருவது தையல், செல்போன் பழுதுநீக்கம், கறவைமாடு வளர்ப்பு போன்ற சொந்தத் தொழில்கள். முடிவில் கிடைப்பது தொழில் தொடங்கக் கடனுக்கான வழி. வங்கியில் நாற்காலி அல்ல. நல்ல திட்டம்தான், கேட்ட கேள்விக்கு விடை அது இல்லை.

அடுத்தது அப்ரண்டிஸ். ஸ்டேட் வங்கி, இந்தியன் வங்கி போன்றவை பட்டதாரிகளை ஓராண்டுக்கு எடுத்துக் கிளையிலேயே வேலை பழக்குகின்றன. ஸ்டேட் வங்கி மாதம் 15,000 ரூபாய் உதவித்தொகை தந்திருக்கிறது. ஆண்டு முடிந்ததும் நிரந்தர வேலை என்ற உறுதி இல்லை. ஹைதராபாத்தின் யூத்4ஜாப்ஸ், பெங்களூரின் இனேபிள் இந்தியா போன்ற தொண்டு நிறுவனங்கள் கணினி, ஆங்கிலம், நேர்காணல் ஆகியவற்றைப் பழக்கித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்புகின்றன. அங்கே சேருமுன் கேட்க வேண்டியது எந்த ஊரில் வேலை, கையில் எவ்வளவு சம்பளம் என்பதுதான். வங்கி முகவர் என்பது இன்னொன்று. அவர் வங்கி ஊழியர் அல்ல; பரிவர்த்தனைக்குக் கமிஷன் பெறுபவர். ஏற்கெனவே ஒரு கடை வைத்திருப்பவருக்கு இது பொருந்தும்.

அரசு வங்கியில் எழுத்தர் வேலைதான் வேண்டும் என்றால் வாசல் ஒன்றே: வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனமான ஐபிபிஎஸ் நடத்தும் தேர்வு. சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கிக்கும் ஐபிபிஎஸ்தான் ஆள் எடுக்கிறது. ஸ்டேட் வங்கி மட்டும் தனியாகத் தேர்வு வைக்கிறது. எழுத்தர் பணிக்கு நேர்காணல் கிடையாது. எந்தப் பயிற்சி மையத்தாலும், எந்தப் பெரிய மனிதராலும் இந்த வேலையை வாங்கித்தர முடியாது. பணம் கேட்பவரிடமிருந்து விலகி நிற்பதே நல்லது.

இங்கே சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இட ஒதுக்கீட்டை 3 சதவீதத்திலிருந்து 4 ஆக்கியது. பார்வைக் குறைபாடு, செவிக் குறைபாடு, உடலியக்கக் குறைபாடு ஆகியவற்றுக்குத் தலா 1. மீதி 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு. எழுத்தர் தேர்வுக்கு வயது 20 முதல் 28. மாற்றுத்திறனாளிகளுக்குப் பத்து ஆண்டு தளர்வு. முப்பது கடந்துவிட்டதே என்று ஒதுங்கியவர்கள் பலர்; அவர்கள் ஒதுங்க வேண்டியதில்லை.

இட ஒதுக்கீட்டுக்கு 40 சதவீதக் குறைபாடு சான்றிதழில் இருக்க வேண்டும். ஆனால் தேர்வறையில் சொல்வதை எழுதுபவரையும் (ஸ்கிரைப்) கூடுதல் நேரத்தையும் பெறுவதற்கு அந்த 40 கட்டாயமில்லை. கை தசைப்பிடிப்பால் 25 சதவீதக் குறைபாடு கொண்ட குல்ஷன் குமார் என்பவர் ஐபிபிஎஸ்ஸை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 2025 பிப்ரவரி 3 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. ஒதுக்கீடும் தேர்வறை வசதியும் வேறுவேறு உரிமைகள். இதை ஒவ்வொரு கல்லூரியின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டி வைக்க வேண்டும்.

சட்டம் இவ்வளவு தந்தும் தடை எங்கே என்றால், பயிற்சி வகுப்பில்தான். முதல்நிலைத் தேர்வில் 60 நிமிடத்தில் 100 கேள்விகள்: ஆங்கிலம் 30, கணக்கு 35, பகுத்தறிதல் 35. கூடுதல் நேர உரிமை உள்ளவருக்கு மணிக்கு 20 நிமிடம் அதிகம். ஐந்து கிளைகளின் மூன்றாண்டு வைப்புத்தொகை என்று ஓர் அட்டவணை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பார்வை உள்ளவர் கண்ணை ஓட்டிவிடுவார். பார்வையற்றவருக்கு ஸ்கிரைப் பதினைந்து எண்களையும் வாசித்து முடிப்பதற்குள் நேரம் போய்விடும். முதலில் கேள்வியை வாசிக்கச் சொல்லி, எந்த வரிசை, எந்த ஆண்டு தேவையோ அதை மட்டும் கேட்டு வாங்குவது ஒரு தனித் திறமை. அது ஸ்கிரைப்போடு சேர்ந்து பல மாதிரித் தேர்வுகள் எழுதினால்தான் வரும். கரும்பலகையில் சூத்திரம் எழுதி "இதைப் பாருங்க" என்று நகரும் வகுப்பில் ஒருபோதும் வராது.

காது கேளாதவர்களின் சிக்கல் வேறு. பள்ளித் தேர்வில் அவர்களுக்கு ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு உண்டு. அன்று அது பெரிய உதவி. ஆங்கிலத்துக்கு அந்த விலக்கைப் பெற்றவர், பட்டம் முடித்து இந்தத் தேர்வுக்கு வரும்போது முப்பது ஆங்கிலக் கேள்விகள் முன்னால் கையைப் பிசைகிறார். 2021-இல் மத்திய நிதி அமைச்சகம் எழுத்தர் தேர்வைத் தமிழ் உட்பட 13 மாநில மொழிகளிலும் நடத்தப் பரிந்துரைத்தது. கணக்கும் பகுத்தறிதலும் தமிழில் வரும், ஆங்கிலப் பகுதி ஆங்கிலமாகவே இருக்கும். எனவே இவர்களுக்கான பயிற்சி அடிப்படை ஆங்கிலத்திலிருந்து, சைகை மொழி தெரிந்த ஆசிரியரோடு தொடங்க வேண்டும். ஆறு மாதத்தில் முடிகிற காரியம் அல்ல. கல்லூரி முதலாண்டிலேயே தொடங்கினால் முடியும்.

வேலை கிடைத்த பிறகும் பயிற்சி தேவை, அது கிளைக்கு. பார்வையற்ற ஊழியருக்கு என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர்கள் இருவர் 2006-இல் தொடங்கிய மென்பொருள் அது, தமிழும் வாசிக்கும். வங்கியின் கணினியில் அதை நிறுவ அனுமதி தருவதும், அதோடு ஒத்துப்போகும்படி வங்கி மென்பொருளை அமைப்பதும் நிர்வாகத்தின் பொறுப்பு. அதைச் செய்யாமல் "இவரால் முடியவில்லை" என்று ஒரு மூலையில் உட்கார வைப்பது, வேலை கொடுத்ததையே வீணாக்குவது.

தேர்வுக்கான பயிற்சிகள் பெரும்பாலும் பெருநகரங்களில் நடக்கின்றன. சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு பெண்ணை மங்கலம்பேட்டையிலிருந்து சென்னை விடுதிக்கு அனுப்ப எத்தனை குடும்பத்தால் முடியும்? விருத்தாசலம் என்றால் முடியும். நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் கட்டணமில்லை. பீங்கான் தொழில் நடக்கும் ஊரில் பீங்கான் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தை அரசு வைத்திருக்கிறது. படிக்க வேண்டியவர்கள் இருக்கும் இடத்துக்குப் படிப்பு வந்தது. அதே நியாயப்படி, விருத்தாசலத்தின் திருக்கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியில் ஞாயிறுதோறும் ஒரு வங்கித் தேர்வு வகுப்பு, சாய்தளம் உள்ள தரைத்தள அறையில், தொடங்கலாம். மாவட்டத்தின் முன்னோடி வங்கியான இந்தியன் வங்கியும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமும், வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டமும் கைகோத்தால் போதும். புதுச் சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை.

அதுவரை வீட்டில் செய்ய ஒரு வேலை இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையை (யூடிஐடி) எடுத்துப் பாருங்கள். மஞ்சள், நீலப் பட்டை என்றால் 40 சதவீதமும் அதற்கு மேலும். வெள்ளை என்றால் அதற்குக் கீழ். அதிலுள்ள பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்த்து, தவறு இருந்தால் தேர்வு அறிவிப்பு வருவதற்கு முன்பே திருத்தி வையுங்கள்.