கணனியும் நாமும்: வேகம் கூடினால் வெப்பமும் கூடும்



“எங்களிடம் இருப்பது பழைய கணனி. புதிதாக வாங்கப் பணம் இல்லை. இருப்பதையே வேகமாக்க வழி உண்டா?” நிலையத்திற்கு வரும் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. விண்டோஸ் 10 இற்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிந்த பின்னர் இக்கேள்வி இன்னும் கூடியிருக்கிறது. நன்கொடையாகக் கிடைத்த பழைய கணனிகள் பலவற்றில் அதற்கு அடுத்த பதிப்பு இயங்காது. ஆகவே இம்மாதம், கணனியின் மூளையாகிய புரொசசரை அதற்கென விதிக்கப்பட்ட வேகத்திலும் கூடுதலாக ஓடவைக்கும் முறையைப் பற்றிப் பார்ப்போம். இதனை ஓவர்குளொக்கிங் என்பார்கள். “இது ஆண்பிள்ளைகளின் விளையாட்டு, எங்களுக்கு எதற்கு?” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். செய்யாவிட்டாலும் அறிந்துவைத்திருக்க வேண்டிய விடயம் இது.

கணனிக்குள் ஒரு தாளம்

புரொசசர் ஒரு தாளத்திற்கு ஏற்பவே வேலை செய்கிறது. தாய்ப்பலகையில் உள்ள சிறியதொரு பளிங்கிலிருந்து அத்தாளம் பிறக்கிறது. அதிலிருந்து வரும் அடிப்படைத் துடிப்பை ஓர் எண்ணால் பெருக்கினால் புரொசசரின் வேகம் கிடைக்கும். 2008 ஆம் ஆண்டு வெளிவந்த பென்ரியம் இ5200 என்ற புரொசசரை எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்படைத் துடிப்பு 200 மெகாஹேர்ட்ஸ், பெருக்கும் எண் 12.5. இரண்டையும் பெருக்கினால் 2500 மெகாஹேர்ட்ஸ். அதாவது ஒரு செக்கனுக்கு 250 கோடி துடிப்புகள். 200 என்பதை 240 ஆக்கினால் 300 கோடி துடிப்புகள் கிடைக்கும். ஓவர்குளொக்கிங் என்பதன் கணக்கு இவ்வளவுதான்.

இவ்வாறு கூட்டுவதற்கு இடம் எங்கிருந்து வருகிறது? தொழிற்சாலையில் ஒரே வகையாகச் செய்யப்படும் சில்லுகள் எல்லாம் ஒரே தரத்தில் அமைவதில்லை. வெப்பமான அறையிலும் தூசு படிந்த பெட்டியிலும் ஆண்டுக்கணக்காகப் பிழையின்றி ஓட வேண்டும் என்பதற்காக, நிறுவனத்தார் கொஞ்சம் இடம் விட்டே வேகத்தைக் குறிக்கிறார்கள். அந்த இடைவெளியைத்தான் நாம் பயன்படுத்திக்கொள்கிறோம்.

இதற்குப் பெயர்போன உதாரணம் 1998 இல் வெளிவந்த இன்ரெல் செலரோன் 300ஏ. விலை குறைந்த அந்தச் சில்லின் அடிப்படைத் துடிப்பை 66 இலிருந்து 100 இற்கு உயர்த்தினால், 300 மெகாஹேர்ட்ஸ் 450 ஆகிவிடும். அதனைவிடப் பல மடங்கு விலையுள்ள பென்ரியம் 2 இன் வேகம் அது. வசதியில்லாத மாணவர்கள் பலர் கணனியைத் திறந்து பார்க்கத் துணிந்தது அந்தக் காலத்தில்தான். பின்னர் இதுவே போட்டியாகவும் மாறியது. 2011 ஆகஸ்ட் 31 ஆம் திகதி அமெரிக்காவில் ஏ.எம்.டி. நிறுவனத்தின் எஃப்.எக்ஸ் சில்லை 8.429 கிகாஹேர்ட்ஸ் வரை ஓட்டி கின்னஸ் சாதனை படைத்தார்கள். 2022 டிசம்பரில் சுவீடனைச் சேர்ந்த ஒருவர் 9 கிகாஹேர்ட்ஸைத் தாண்டினார். இரு தடவையும் குளிர்விக்கப் பயன்பட்டது, பூச்சியத்திற்குக் கீழே 269 பாகை வரை குளிர்ந்த திரவ ஹீலியம். நமக்கு அது வேண்டாம். நமக்குத் தேவை ஒரு விசிறி, ஒரு கொப்பி, கொஞ்சம் பொறுமை.

நிலையத்தில் நடந்தது

கண்டி நகருக்கு அண்மையிலுள்ள எமது நிலையத்தில் இ5200 சில்லுடன் ஒரு மேசைக் கணனி இருக்கிறது. தையல் பயிற்சிப் பாடங்களை வீடியோவாக்கிக் கைத்தொலைபேசிக்கு ஏற்றவாறு மாற்றும் வேலைக்கு அதனைத்தான் பயன்படுத்துகிறோம். ஒரு பாடத்தை மாற்ற முப்பது நிமிடம் எடுக்கும்.

அந்த வேலையைச் செய்பவர் வன்னியிலிருந்து வந்த ஒரு தங்கை. கணவர் 2009 முதல் காணாமற்போனவர். மகளுடன் உறவினர் வீட்டில் இருக்கிறார். கணனி திருத்தப் பழக வேண்டும் என்பது அவரது விருப்பம். நகரில் ஒரு திருத்தும் கடைக்குப் போய்க் கேட்டபோது, “ரைப் அடிக்கப் பழகுங்கோ, அது போதும்” என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். அதன்பின் அவர் திருகாணி கழற்றுவதையே விட்டிருந்தார்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கும் மாணவி ஒருவர் வார இறுதிகளில் எமக்கு உதவ வருவார். அவர் அருகில் இருக்க, தங்கையே முதன்முறையாக இதனைச் செய்வது என்று தீர்மானித்தோம். நானும் பக்கத்தில் இருந்து கொப்பியில் குறிப்பெழுதினேன். செய்த ஒழுங்கைத் தருகிறேன்.

முதலில், கணனியில் இருந்த கோப்புகள் அனைத்தையும் வேறொரு வன்தட்டில் பிரதி எடுத்தோம்.

இரண்டாவதாக, மின்னிணைப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறந்து தூசு தட்டினோம். புரொசசரின் மேல் உள்ள உலோக வெப்பத்தணிப்பானைக் கழற்றி, காய்ந்துபோன பழைய பசையைத் துடைத்துப் புதிதாக ஒரு பட்டாணி அளவு பூசினோம். இது மட்டுமே வெப்பநிலையை நன்றாகக் குறைத்துவிட்டது. கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருப்பதும் ஒரு வசதி. விசிறியால் புரொசசரை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. ஆகவே அறை குளிர்ந்திருந்தால் நல்லது.

மூன்றாவதாக, கணனி தொடங்கும்போது வரும் பயோஸ் பகுதிக்குள் போய், அங்கிருந்த எண்கள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொப்பியில் எழுதினோம்.

நான்காவதாக, நினைவகத்தின் வேகத்தை 800 இலிருந்து 667 என்ற படிக்கு இறக்கினோம். அடிப்படைத் துடிப்பைக் கூட்டும்போது நினைவகமும் சேர்ந்து வேகமெடுக்கும். முன்னரே இறக்கிவைத்தால், 240 இற்குப் போகும்போது அது மீண்டும் தனது 800 இல் வந்து நிற்கும்.

பின்னர் 200 ஐ 210 ஆக்கினோம். கணனி வழமைபோல் தொடங்கியது. பிரைம்95 என்ற மென்பொருளை ஓடவிட்டு வெப்பநிலையைப் பார்த்தோம். பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்ட மென்பொருள் அது. புரொசசரைக் கசக்கிப் பிழிவதால் சோதனைக்கும் உதவுகிறது. பிறகு 220, 230, 240. ஒவ்வொரு படியிலும் சோதனை, ஒவ்வொரு படியிலும் குறிப்பு.

250 இல் திரை கறுப்பாகிவிட்டது. விசிறி சுழல்கிறது, வேறெதுவும் இல்லை.

தங்கையின் முகம் வெளிறிவிட்டது. “அக்கா, பழுதாக்கிப்போட்டனோ?” என்றார். கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இனி அதனைத் தொடவே மாட்டார் என்று எனக்குத் தோன்றியது.

மாணவி எழும்பவில்லை. “அக்கா, பிளக்கைக் கழற்றுங்கோ. உள்ளே ஐந்து ரூபாக் குற்றி மாதிரி ஒரு பற்றரி இருக்கும். அதை எடுத்துப்போட்டுக் கொஞ்ச நேரம் பொறுங்கோ” என்றார். தங்கைதான் எடுத்தார். ஐந்து நிமிடத்தின் பின் அவரே திரும்பப் போட்டார். கணனி பழைய 200 இல் தொடங்கியது. பயோஸில் நாம் மாற்றிய எண்களை அந்தப் பற்றரிதான் நினைவில் வைத்திருக்கிறது. அதைக் கழற்றினால் கணனி தொழிற்சாலையில் விதித்த எண்களுக்கே திரும்பிவிடும். கொப்பியைப் பார்த்து எண்களை மீண்டும் இட்டு 240 இல் நிறுத்தினார். இரவு முழுவதும் சோதனை ஓடியது, பிழை வரவில்லை. முப்பது நிமிடம் எடுத்த பாடம் இப்போது சுமார் இருபத்தாறு நிமிடத்தில் முடிகிறது.

மிச்சமான நான்கு நிமிடத்தை நான் பெரிதாக எண்ணவில்லை. திரை கறுத்தபின்னும் அவர் அதனைத் திரும்ப எழுப்பினார் அல்லவா, அதுதான் பெரிது. மறுவாரம் நிலையத்தில் இருந்த இன்னொரு கணனியையும் அவரே திறந்து தூசு தட்டியிருந்தார்.

ஏன் நாம் தொடப் பயப்படுகிறோம்?

சமூகவியல் படித்த காலத்தில் ஒரு விடயம் என் மனதில் பதிந்தது. எந்தப் பொறியும் வீட்டுக்கு வரும்போது, பயன்படுத்துவது பெண்ணின் வேலையாகவும் திறந்து பார்ப்பது ஆணின் வேலையாகவும் பிரிந்துவிடுகிறது. தையல் இயந்திரத்திலேயே இதனைக் காணலாம். ஆனால் 1946 இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட எனியாக் என்ற பெருங்கணனிக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். கம்பிகளைச் செருகியும் ஆளிகளைத் திருப்பியும் கையாலேயே அதனைச் செய்தார்கள். ஆகவே, கணனியின் உட்புறம் நமக்கு அந்நியமான இடம் அல்ல. பழுதாகிவிடுமோ என்ற பயம் இயல்பானது. பலதை இழந்தவர்களுக்கு இன்னொன்றையும் கெடுத்துவிடுவேனோ என்ற பயம் இரட்டிப்பாக இருக்கும். திரும்பிப்போகும் வழியை முதலில் கற்றுக்கொண்டால் அந்தப் பயம் பாதியாகக் குறையும்.

வெப்பம் எங்கே போகும்?

இதிலே ஒரு விதி உண்டு. புரொசசர் உண்ணும் மின்சாரம் வேகத்தோடு கூடும். வோல்ற்றளவையும் கூட்டினால் அதன் வர்க்கத்தோடு கூடும். உதாரணமாக, வேகத்தை 20 வீதம் கூட்டி, வோல்ற்றளவை 1.2 இலிருந்து 1.3 ஆக்கினால், மின்செலவு ஏறத்தாழ 40 வீதம் கூடிவிடும். கிடைப்பது இருபது, கொடுப்பது நாற்பது. அவ்வளவும் வெப்பமாகிறது. அதை வெளியேற்ற வழி செய்யாமல் வேகத்தை மட்டும் கூட்டினால் சில்லின் ஆயுள் குறையும். நாங்கள் வோல்ற்றளவில் கைவைக்காததற்குக் காரணம் இதுதான்.

எனது வேலையில் இந்த விதியை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. நமது நாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு குடும்பத்திற்குப் பெண்ணே தலைவி. அவளிடம் கோழி வளர்க்கச் சொல்கிறோம், குழுக்கூட்டத்திற்கு வரச் சொல்கிறோம், சேமிக்கச் சொல்கிறோம், கடன் எடுத்துக் கட்டச் சொல்கிறோம். “நீங்கள் மனத்துணிவு உள்ளவர்கள்” என்று பாராட்டி இன்னும் ஒரு படி கூட்டுகிறோம். வெப்பம் எங்கே போகிறது என்று கேட்பவர் குறைவு. நுண்கடன் சுமை தாங்க முடியாத அளவுக்குப் போனதால்தான் 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவிக்க நேர்ந்தது. கணனிக்காவது கழற்றி வைக்க ஒரு பற்றரி இருக்கிறது. மனிதருக்கு ஓய்வும், மனதில் உள்ளதைச் சொல்ல ஓர் ஆளும் வேண்டும். “இவ்வளவுதான் என்னால் முடியும்” என்று சொல்வது பலவீனம் அல்ல. 250 இல் நின்றுபோன கணனி 240 இல் நன்றாகவே வேலை செய்கிறது.

நினைவில் வைக்க

• மடிக்கணனியில் இதனைச் செய்யாதீர்கள். வெப்பம் வெளியேற இடம் போதாது.

• அலுவலகப் பாவனைக்கென வந்த பல கணனிகளின் பயோஸில் இந்த எண்களை மாற்ற முடியாது. இன்ரெல்லின் அண்மைக்காலச் சில்லுகளில் பெரும்பாலும் பெயரின் முடிவில் ‘கே’ என்ற எழுத்து உள்ளவற்றையே இவ்வாறு கூட்டலாம்.

• புதிய சில்லுகள் தேவைக்கேற்பத் தாமாகவே வேகத்தைக் கூட்டிக் குறைக்கின்றன. அவற்றில் நாம் செய்வதற்கு அதிகம் இல்லை.

• உத்தரவாதக் காலம் முடியாத கணனியைத் தொடாதீர்கள்.

• கணனி திறக்கவும் கோப்பு வரவும் தாமதமானால், குறை புரொசசரில் இல்லாமல் இருக்கலாம். பழைய வன்தட்டுக்குப் பதிலாக ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. போட்டு, நினைவகத்தையும் கூட்டினால் பலன் அதிகம். லினக்ஸ் போன்ற இலவச இயங்குதளமும் பழைய கணனிக்கு நல்லது.

• மின்சாரம் நின்று வரும் வேளையும் இடிமின்னல் வேளையும் கணனிக்கு ஆபத்தானவை. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் நாடே இருளில் மூழ்கியது நினைவிருக்கும். ஏப்ரல் மாதத்திலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கைக் கழற்றி வையுங்கள்.

உங்கள் கிராமத்திலோ தோட்டத்திலோ பழைய கணனி ஒன்று மூலையில் கிடந்தால், இம்மாதம் அதனைத் திறந்து தூசு மட்டுமாவது தட்டிப் பாருங்கள். தனியாக வேண்டாம், இன்னொருவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். கையில் ஒரு கொப்பி இருக்கட்டும். அடுத்த இதழில் எஸ்.எஸ்.டி. பொருத்தும் முறையைப் பார்ப்போம்.