காட்டிக்கொடுப்பவனா, இடித்துரைப்பவனா?

தேயிலையோடு ஆங்கிலமும் மலையேறியது. லைன் லயமாயிற்று; பரேட் பிரட்டாயிற்று; கிளார்க் கிளாக்கரானார். செக்ரோல் என்ற சொல்லை அறியாதார் வட்டவளையில் எவருமிலர். ஆளுவதற்கு வேண்டிய சொற்களெல்லாம் வந்து சேர்ந்தன. ஆள்வோரைக் கேள்வி கேட்பதற்கு வேண்டிய சொற்களோ இன்றும் வந்தபாடில்லை.

மறைக்கப்பட்ட உண்மையைத் தோண்டியெடுக்கும் புலனாய்வு இதழியலுக்கென்று ஆங்கிலத்தில் ஒரு சொற்களஞ்சியமே உண்டு. அஃது அந்நியச் சரக்கு என்று ஒதுக்குவாரும் நம்மிடை உளர். 'அண்டர்கவர்' என்கிறார்களே, அந்தப் பணியைக் கோ. நடேசய்யர் நம் மலைநாட்டிலேயே செய்து காட்டினார். வெளியார் புகவொண்ணாத தோட்டங்களுக்குள் புடவை வியாபாரி வேடத்தில் நுழைந்து, தொழிலாளர் படும் பாட்டைக் கண்ணாரக் கண்டார். 'தேசபக்தன்' இதழில் அவர்தம் துயரை எழுதினார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென ஹட்டனைத் தளமாகக் கொண்டு சம்மேளனம் அமைத்தார்.

செயல் நம்மிடம் இருந்தது, சொல்தான் இல்லை. அதனால் விளைந்த கேடு யாது? உள்ளிருந்தே தவற்றை வெளிப்படுத்துபவரை ஆங்கிலம் 'விசில்புளோயர்' என மதிப்போடு அழைக்கிறது. அம்மதிப்பும் தானாக வந்ததன்று. 'இன்ஃபார்மர்' என்ற இழிபெயரைத் துடைக்க வேண்டி, 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரால்ப் நேடர் போன்றோர் முயன்று பரப்பிய சொல் அது. நம்மிடையிலோ, கொழுந்து நிறுவையில் அளவுக்கு மிஞ்சிக் கழிக்கிறார்கள் என்று ஒருவன் வெளியே சொன்னால், அவன் 'காட்டிக்கொடுத்தவன்'! அவ்வொரு சொல்லால் அயலவரின் நட்பை இழக்கிறான். வேலையும் லயத்து அறையும் போய்விடுமோ என நடுங்குகிறான். யாரைக் காட்டிக்கொடுத்தான் அவன்? தன் மக்களையா? தராசையன்றோ காட்டிக்கொடுத்தான்!

தவறு கண்டவிடத்து இடித்துரைத்தல் நம் முன்னோர் போற்றிய பண்பு. அவனை 'இடித்துரைப்பவன்' என்றே அழைப்போம்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், காரணம் கூறாமலே அரசு அலுவலகத்தை வினவும் உரிமையைக் குடிமக்களுக்கு வழங்கியிருக்கிறது. தகவல் தரப்படுமா, மறுக்கப்படுமா என்பதை 14 வேலை நாட்களுக்குள் கூறியாக வேண்டும். வீட்டுத் திட்டக் கணக்கைக் கேட்டு விண்ணப்பம் எழுதும் இளைஞனையும் துரோகி என்று தூற்றப் போகிறோமா?

நடேசய்யருக்கு வேடம் தேவைப்பட்டது. அவ்விளைஞன் தன் சொந்தப் பெயரிலேயே கேட்கலாம். அப்பெயருக்கு ஊரார் இழுக்குச் சேர்க்காதிருந்தால் போதும்.