அயல்நாட்டுச் சாலையும் விருந்தினன் கடமையும்

கடல் கடந்து செல்லுதல் ஒரு காலத்தில் மிகச் சிலருக்கே வாய்த்த பேறாக இருந்தது. இன்றோ நம் கல்லூரியில் பட்டம் பெற்று வெளியேறும் மாணவருள் பலர், மேற்படிப்பின் பொருட்டும் ஊழியத்தின் பொருட்டும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா, வளைகுடா நாடுகள் முதலிய இடங்களுக்குச் செல்கின்றனர். போய்ச் சேர்ந்த சில வாரங்களுக்குள் அவர்கள் நாடுவது ஒரு மோட்டார் வண்டியை. பிரயாணத்திற்கு முன் குளிருக்கு ஏற்ற உடையைப் பற்றியும், உணவைப் பற்றியும், நாணய மாற்றைப் பற்றியும் பத்துப் பேரிடம் விசாரிக்கும் இளைஞர், அந்நாட்டுச் சாலை விதிகளைப் பற்றி ஒருவரிடமும் விசாரிப்பதில்லை. "எனக்குத்தான் வண்டி ஓட்டத் தெரியுமே" என்னும் எண்ணமே இதற்குக் காரணம். வண்டியை ஓட்டும் திறமை ஒருவனோடு கடல் கடந்து வரும் என்பது மெய்யே. ஆனால் அவன் பழகிய சட்டம் அவனோடு வருவதில்லை. அயல்நாட்டில் சுக்கானைப் பிடிப்பவன் அந்நாட்டின் சட்டத்திற்கு முற்றும் தன்னை ஒப்புக்கொடுக்கிறான் என்பதையும், விருந்தினன் என்னும் காரணத்தால் அவன் பொறுப்புக் குறைவதில்லை என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலாவது, சர்வதேச அநுமதிச் சீட்டு என்பது யாது என்று ஆராய்வோம். 1926-ஆம் ஆண்டு பாரிஸிலும், 1949-ஆம் ஆண்டு ஜெனீவாவிலும், 1968-ஆம் ஆண்டு வியன்னாவிலும் பல தேசங்கள் கூடி, ஒரு நாட்டு லைசென்ஸை மற்றொரு நாடு ஏற்றுக்கொள்ளுவதற்கு உடன்படிக்கைகள் செய்துகொண்டன. இந்தியா ஜெனீவா உடன்படிக்கையைச் சேர்ந்தது. அதன்படி வழங்கப்படும் சீட்டு ஓராண்டுக்குச் செல்லும். சீனப் பெருநாட்டில் அது செல்லாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் குடியிருந்து ஊழியம் புரியும் இந்தியர் அந்நாட்டிலேயே பரீட்சை கொடுத்து லைசென்ஸ் பெறவேண்டும். பிரிட்டனில் நம் லைசென்ஸைக் கொண்டு பன்னிரண்டு மாதங்கள் வரை சிறு வண்டிகளை ஓட்டலாம். அதன்பின் அந்நாட்டுப் பரீட்சையில் தேறியாக வேண்டும். ஜெனீவா உடன்படிக்கையின் தொடக்கத்திலேயே, ஒவ்வொரு தேசமும் தன் சாலைகளின் மீதுள்ள ஆட்சியுரிமையைத் தனக்கே வைத்துக்கொள்கிறது என்று எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே இச்சீட்டு ஒருவன் வண்டி ஓட்டத் தெரிந்தவன் என்பதற்குச் சான்றேயன்றி, அந்நாட்டுச் சட்டத்தினின்று அவனைக் காக்கும் கவசம் அன்று.

சாலையில் எப்பக்கம் செல்லுவது என்பதை எடுத்துக்கொள்வோம். உலக மக்களுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் இடப்புறமாகச் செல்லும் நாடுகளில் வாழ்கின்றனர், எஞ்சியோர் வலப்புறத்தார். இடம், வலம் என்பது அறிவால் செய்யும் காரியமாகத் தோன்றினும், பழகிய பின் அது உடம்பின் காரியமாகிவிடுகிறது. ஸ்வீடன் தேசம் இதை நன்கு உணர்ந்திருந்தது. இடப்புறத்தினின்று வலப்புறத்திற்கு மாறுவது என்று 1963-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டுப் பார்லிமெண்ட் தீர்மானித்தும், மாற்றம் நிகழ்ந்தது 1967 செப்டம்பர் 3-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கே. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் பிரசாரத்திலும் ஆயத்தத்திலும் கழிந்தன. ஒரு தேசம் முழுவதும் நான்கு ஆண்டுகள் ஆயத்தம் செய்து மேற்கொண்ட மாற்றத்தை, விமானத்தில் ஓரிரவு கண்விழித்து வந்திறங்கும் பிரயாணி, வாடகைக்கு எடுத்த வண்டியில் ஒரு நிமிஷத்தில் செய்துவிட எண்ணுகிறான்! நேரான பெருஞ்சாலையில் மற்ற வண்டிகளைப் பின்தொடரும்போது தவறு நேர்வது அரிது. ஆளற்ற நாற்சந்தியிலும், எண்ணெய் போட்டுக்கொண்டு கிளம்பும் இடத்திலும், திடீரென்று எதிரே ஒரு வண்டி தோன்றும் கணத்திலுமே பழைய பழக்கம் கையைப் பற்றி இழுக்கும். ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டார் பெரிதும் செல்லும் கடற்கரைச் சாலைகளில் "இடப்புறம் செல்க" என்று அம்புக்குறியுடன் பலகைகள் நாட்டியிருப்பது இதனாலேயே. நியூஸிலாந்தில் 2015-ஆம் ஆண்டையொட்டி, உல்லாசப் பிரயாணிகள் தாறுமாறாக ஓட்டுவதைக் கண்டு சினந்த ஊர்வாசிகள் வண்டியின் சாவியையே பறித்துக்கொண்ட செய்திகள் வெளிவந்தன. அந்நாட்டு விபத்துக்களில் அயலாரால் நேர்ந்தவை சிறு பங்கேயாதலின், சாவி பறித்தோர் செயலை நாம் ஆதரிக்கவில்லை. எனினும் அவர்களுடைய அச்சம் காரணமற்றது என்று கூறவும் இயலாது.

பக்கம் மாறுவதாவது கண்ணுக்குப் புலப்படும். சட்டம் மாறுவதோ புலப்படாது. குருதியில் கலந்துள்ள சாராயத்தின் அளவை நோக்குக. நூறு மில்லிலிட்டர் குருதியில் இங்கிலாந்து 80 மில்லிகிராம் வரை பொறுக்கிறது. 2014 டிசம்பர் முதல் ஸ்காட்லாந்து 50-க்கு மேல் பொறுப்பதில்லை. இந்தியச் சட்டம் 30-லும், ஸ்வீடன் 20-லும் எல்லை வகுத்துள்ளன. ஹங்கேரியிலோ ஒரு துளியும் ஆகாது. இங்கிலாந்தில் வண்டியேறிய ஒருவன், அதே நிலையில் வடக்கே சென்று ஸ்காட்லாந்தின் எல்லையைக் கடந்தானாயின், வழியில் ஒன்றும் செய்யாமலே குற்றவாளியாகிவிடுதல் கூடும்.

விபத்து நேர்ந்த பின் செய்யவேண்டுவது பற்றிய சட்டம் இதனினும் முக்கியமானது. ஆபத்தில் கிடப்பவனுக்கு உதவாமல் செல்லுதல் பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் யாவருக்கும் குற்றம். வண்டியோட்டி மட்டுமன்று, பார்த்து நின்ற வழிப்போக்கனும் அதற்கு உட்பட்டவனே. நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், காயமுற்றவனுக்கு வைத்திய உதவி கிடைக்கச் செய்வது வண்டியோட்டியின் கடமை என்று விதித்துவிட்டு, கூட்டத்தாரின் சீற்றத்தால் அது இயலாதபோது என்று ஒரு விலக்கையும் கொடுக்கிறது. இவ்விலக்கு நமது சாலைகளின் நிலைமையை அறிந்தோர் இயற்றியது. ஆயினும் இதிலிருந்து நம்மவரிடையே ஒரு தீய பழக்கம் வேரூன்றியுள்ளது. முதலில் அவ்விடத்தை விட்டு அகல்வது, பிறகு யாரையாவது கலந்து ஆலோசிப்பது என்பதே அப்பழக்கம். இதனை அயல்நாட்டிற்குக் கொண்டு செல்பவன் பெரும் துன்பத்தைத் தேடிக்கொள்கிறான். தெரியாமல் நேர்ந்த மோதலுக்கு அபராதத்தோடு போயிருக்கக்கூடிய ஒன்று, ஓடியதனாலேயே சிறைத் தண்டனைக்கு உரியதாகிவிடும். சட்டத்தை விடுத்துத் தருமத்தை நோக்கினாலும், அடிபட்டவனுக்கு முதல் சில நிமிஷங்களே உயிர்நாடி என்பதை யார் மறுப்பார்?

சட்டத்தின் பாரம் எத்தகையது என்பதற்கு ஓர் உதாரணம் காட்டுவோம். 2019 ஜூன் 6-ஆம் தேதி, ரம்ஜான் பண்டிகை விடுமுறையில், மஸ்கட்டிலிருந்து துபாய்க்கு வந்த ஒரு பஸ், பஸ்கள் செல்லலாகாத வழியில் நுழைந்து, உயரமான வண்டிகளைத் தடுப்பதற்காகக் குறுக்கே நாட்டியிருந்த இரும்புத் தடுப்பில் மோதியது. பதினேழு பேர் மாண்டனர். அவருள் பன்னிருவர் இந்தியர். பஸ்ஸை ஓட்டியவர் அயல்நாடாகிய ஓமனைச் சேர்ந்தவர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகமே அநுமதிக்கப்பட்ட இடத்தில் 94 கிலோமீட்டர் வேகத்தில் வந்தார் என்பது அவர்மீது சாட்டப்பட்ட குற்றம். சூரிய ஒளி கண்ணை மறைத்தது என்றும், தடுப்பு முறைப்படி அமைக்கப்படவில்லை என்றும் அவர் தரப்பில் வாதிக்கப்பட்டது. துபாய் நியாயஸ்தலம் ஏழாண்டுச் சிறையும், 34 லட்சம் திர்ஹாம் உயிரீட்டுப் பணமும் விதித்தது. பின்னர் மேல்முறையீட்டில் சிறைக்காலம் ஓராண்டாகக் குறைக்கப்பட்டது. இறந்தவர் ஒருவருக்கு 2 லட்சம் திர்ஹாம் வீதம் கணக்கிட்டதே அந்த 34 லட்சம். 'தியா' எனப்படும் இவ்வீட்டுப் பணம் இஸ்லாமியச் சட்ட மரபில் தோன்றியது. இறந்தவன் குடும்பத்தைக் காக்கும் நல்ல நோக்கமுடையது. இன்ஷூரன்ஸ் ஒழுங்காக இருப்பின் கம்பெனி அதைச் செலுத்தும். லைசென்ஸ் இல்லாமலோ குடித்துவிட்டோ ஓட்டியவனுக்கு அப்பாதுகாப்பு நிலையாது. மாதச் சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பும் ஒரு தமிழ் ஓட்டுநன் இத்தொகையை எங்ஙனம் திரட்டுவான்? அவனோடு அவன் குடும்பமும் அன்றோ தண்டனை அநுபவிக்கும்!

"அயலானிடம் இத்துணைக் கடுமை தகுமோ? மொழி தெரியாத இடத்தில் அவனுக்கு யார் துணை?" என்று சிலர் வினவலாம். இவ்வினாவில் நியாயம் உண்டு. 1963-ஆம் ஆண்டு வியன்னா கான்சல் உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவின்படி, கைதான அயல்நாட்டான் விரும்பினால் அவன் நாட்டுக் கான்சலுக்குத் தாமதமின்றி அறிவித்தல் வேண்டும். இவ்வுரிமையை ஒவ்வொருவரும் மனத்தில் இருத்தவேண்டும். ஆயினும் கான்சல் வழக்கறிஞரைக் காட்டுவார், உறவினர்க்குச் செய்தி அனுப்புவார். சிறைக் கதவைத் திறக்கமாட்டார். அயலானுக்குத் தன் வழக்கை எடுத்துரைக்கும் வசதி குறையலாகாது என்பது நேர்மை. அவன் பொறுப்பே குறையவேண்டும் என்பது நேர்மையன்று.

பொறுப்புக் குறைந்தால் நேர்வதை ராஜதந்திரிகளின் வழக்குகளில் காணலாம். 1961-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை தூதரக அதிகாரிகளை வழக்குகளினின்று விலக்கிக் காக்கிறது. அவ்விலக்கைக் கைவிடும் அதிகாரம் அவரை அனுப்பிய அரசாங்கத்திற்கே உண்டு. 1997 ஜனவரியில் வாஷிங்டன் நகரில் ஜார்ஜியா நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் குடித்துவிட்டு அதிவேகமாக ஓட்டியதில் பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். அமெரிக்கா வற்புறுத்த, ஜார்ஜியா விலக்கைக் கைவிட்டது. அதிகாரி குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். 2001 ஜனவரியில் ஒட்டாவா நகரில் ஒரு ருஷிய அதிகாரியின் வண்டியால் ஒரு பெண்மணி மாண்டபோது, ருஷியா விலக்கைக் கைவிட மறுத்து, அவரைத் தன் நாட்டிலேயே விசாரித்து 2002-இல் நான்காண்டுச் சிறை விதித்தது. 2019 ஆகஸ்டு 27-ஆம் தேதி இங்கிலாந்தில் கிரௌட்டன் விமானத் தளத்தருகே, அமெரிக்க அரசாங்க ஊழியர் ஒருவரின் மனைவி, தம் நாட்டு வழக்கப்படி வலப்புறமாக ஓட்டிச் செல்ல, எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த பத்தொன்பது வயது இளைஞன் மோதுண்டு இறந்தான். அவர் அவ்விடத்தை விட்டு ஓடவில்லை. ஆயின் சில வாரங்களில் விலக்கைக் காரணமாகக் கொண்டு நாட்டை விட்டே அகன்றார். அவரை ஒப்படைக்குமாறு பிரிட்டன் கேட்டதை 2020 ஜனவரியில் அமெரிக்கா மறுத்தது. அவ்விளைஞனின் பெற்றோர் மூன்றாண்டுகள் போராடிய பின், 2022 அக்டோபரில் அவர் காணொளி வழியாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். டிசம்பரில் நிறுத்திவைக்கப்பட்ட எட்டு மாதச் சிறை விதிக்கப்பட்டது.

இவ்வழக்கில் நம் உள்ளத்தைத் தொடுவது தண்டனையின் அளவு அன்று. சாலையில் பக்கம் மாறுதல் எந்த அயலானுக்கும் நேரக்கூடிய பிழை. பிழைக்குப் பின் நின்று விடை கூறாமையே அப்பெற்றோரின் துயரத்தை நீட்டித்தது. ஓர் ஏழை ஓட்டுநன் அந்நிய நாட்டுச் சிறையில் ஆண்டுகளைக் கழிக்க, செல்வாக்குடையோர் விமானமேறிச் செல்லக்கூடும் எனின், சாலையில் நீதி ஒன்று என்று எங்ஙனம் சொல்லுவது? விருந்தினனுக்கும் வீட்டுக்காரனுக்கும் சாலையில் ஒரே நீதி வேண்டும். அயலான் என்று கூடுதல் தண்டனையும் ஆகாது. அயலான் என்று குறைந்த பொறுப்பும் ஆகாது.

இனி நாம் செய்யத்தக்கவை யாவை? நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள், உள்நாட்டு லைசென்ஸ், பாஸ்போர்ட், விசா ஆகியவற்றை நோக்கிச் சர்வதேசச் சீட்டை வழங்குகின்றன. புதிதாகப் பரீட்சை ஒன்றும் இல்லை. சீட்டோடு, செல்லும் நாட்டின் முக்கிய விதிகளைத் தமிழில் அச்சிட்ட ஒரு தாளையும் தருவார்களாயின் செலவு சிறிது, பயன் பெரிது. மாணவரோ தாமே சில ஒழுங்குகளை மேற்கொள்ளலாம். நெடும் பிரயாணம் செய்து இறங்கிய நாளில் வண்டி ஓட்டற்க. முதல் சில நாட்கள் அந்நாட்டார் ஓட்டும் வண்டியில் அமர்ந்து சாலையைக் கவனித்துக் கற்க. இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் எது அடங்கும், எது அடங்காது என்பதைக் கையெழுத்திடுமுன் வாசிக்க. நண்பனின் வண்டியை, உன் பெயர் அதன் இன்ஷூரன்ஸில் உளதா என்று அறியாமல் தொடற்க. தீங்கு நேருமாயின் நிற்க, அடிபட்டவனுக்கு உதவுக, போலீஸாரை அழைக்க, உன் நாட்டுக் கான்சலுக்கு அறிவிக்குமாறு கேட்க.

2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் 11 லட்சத்து 90 ஆயிரம் மக்கள் சாலை விபத்துக்களில் மாண்டனர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது. 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் மட்டும் மாண்டோர் 1,68,491 பேர். அயல்நாட்டிற்குச் செல்லும் மாணவன் இந்நாட்டுச் சாலையில் பழகிய கவலையின்மையையும் உடன் கொண்டு செல்கிறான் என்பதை மறத்தலாகாது. ஆதலின் அயல்நாட்டில் நன்றாக ஓட்ட விரும்புவோன் அதற்கான பயிற்சியைப் புறப்படும் நாளில் அன்று, இன்றே, நம் கல்லூரி வாயிலுக்கு முன்னுள்ள சாலையிலேயே தொடங்குவானாக.