கண்ணாடிப் பெட்டிக்குள் உயிர் விற்பனை!



நாய்களையும் அவற்றை வளர்ப்போரையும் நம்பி நடக்கும் வணிகங்கள் நம் நாட்டில் பெருகிவிட்டன. முடிதிருத்தும் நிலையம், விடுமுறைக் காலத் தங்குவிடுதி, தனி உணவு, உடை என வரிசை நீள்கிறது. "மனிதனுக்கே சோறில்லை, நாய்க்கு விடுதியா?" என்று முகம் சுளிப்போர் உண்டு. அந்த அணியில் நான் இல்லை. வளர்க்கும் உயிரைத் தூய்மையாகப் பேணுவதும், ஊருக்குச் செல்லும்போது அதனைப் பாதுகாப்பான இடத்தில் விட்டுச் செல்வதும் பொறுப்புள்ள செயல்களே. நான் எதிர்ப்பது ஒன்றைத்தான்: நாய்க்குட்டிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கும் கடைகளை!

நாய்க்குட்டி குறைந்தது 8 வாரமாவது தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருக்க வேண்டும். முன்னதாகப் பிரிக்கப்பட்ட குட்டி, அச்சமும் கடிக்கும் பழக்கமும் கொண்டதாக வளரக்கூடும். ஆனால், கடைக்குத் தேவை சின்னஞ்சிறு குட்டி; அதுதானே விரைவில் விலைபோகும்! அதனை ஈன்ற தாய் எங்கே, எந்தக் கூண்டில் கிடக்கிறது? வாங்குவோர் கேட்பதில்லை, விற்போர் சொல்வதில்லை.

சைபீரியப் பனிக்காக இருமடி உரோமம் பெற்ற ஹஸ்கி நாயை, பகலில் 30 டிகிரியைத் தாண்டும் நம் வெப்பத்தில் விற்கிறார்கள். மூச்சுவிடத் திணறும் தட்டை மூக்கு 'பக்' நாயை 'அழகு' என்கிறார்கள். இது அழகா? வதையா?

ஓர் ஆசிரியராக என்னை வருத்துவது இன்னொன்று. 'எனது வளர்ப்புப் பிராணி' என்று கட்டுரை எழுதச் சொன்னால், "அப்பா பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தார்" என்று விலையோடு எழுதும் மாணவர்கள் இருக்கின்றனர். அடுத்த ஆண்டு அந்த நாயைப் பற்றி விசாரித்தால், "கொடுத்துவிட்டோம், டீச்சர்" என்பார்கள். யாரிடம் என்று அவர்களுக்குத் தெரியாது. 10 முதல் 15 ஆண்டுகள் வாழக்கூடிய உயிர், ஓராண்டில் பழைய பொம்மையாகிவிட்டது! நன்னெறிக் கல்விப் பாடத்தில் நாம் கற்பிக்கும் அன்புடைமையை, வாரக்கடைசியில் ஒரு பேரங்காடி அழித்துவிடுகிறதே!

"சட்டம் இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், வதைப்போருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. விலங்குகளை வைத்து வணிகம் செய்ய உரிமமும் வேண்டும். ஆயினும், உரிமம் கடையைத்தான் பார்க்கும். வாங்குபவரின் மனத்தைப் பார்க்காது.

இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல், 6 மாதத்திற்குட்பட்ட குட்டியைக் கடைகள் வாங்கி விற்க முடியாது. வளர்த்தவரிடமோ காப்பகத்திலோ நேரில் பெற வேண்டும். பிரான்சில் 2024 ஜனவரி முதல் கடைகளில் நாய், பூனை விற்பனைக்கே தடை. நாமும் ஏன் இதனைக் கோரக்கூடாது?

"கடைக்காரர் பிழைப்பு என்னாவது?" என்ற கேள்வி நியாயமானது. உணவு விற்கட்டும், குளிப்பாட்டட்டும், விடுதி நடத்தட்டும். காப்பகத்து நாய்களுக்கு வீடு தேடித் தரவும் கடையில் இடம் கொடுக்கட்டும். நாய்க்குச் சேவை செய்து பிழைப்பது வேறு. நாயையே சரக்காக்கிப் பிழைப்பது வேறு.

பெற்றோர்களே, பிறந்தநாள் பரிசாக நாய்க்குட்டி வேண்டாம். வளர்க்கத்தான் வேண்டுமென்றால், அடுக்குமாடி வீட்டு விதியையும் நகராண்மைக் கழக விதியையும் முதலில் அறியுங்கள். பிறகு பிள்ளைகளை எஸ்.பி.சி.ஏ. போன்ற காப்பகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். கைவிடப்பட்ட நாயின் கண்களை அவர்கள் பார்க்கட்டும். ஆசிரியர்களே, அடுத்த கட்டுரைத் தலைப்பை 'நான் காக்கும் உயிர்' என்று மாற்றிப் பாருங்கள்.

'வளர்ப்பு நாய்' என்பதே தமிழ் வழக்கு. அச்சொல்லில் கடமை இருக்கிறது; விலை இல்லை. நாம் வாங்குவதை நிறுத்தினால், அந்தக் கண்ணாடிப் பெட்டிகள் தாமாகவே காலியாகும். சிந்திப்போம், செயல்படுவோம்!