பத்தொன்பதோடு நிறுத்தும் கணக்கு இனி வேண்டாம்
பி.எஃப். விதி மாற்றங்கள் குறித்து கோலார் தங்கவயல் சிறுதொழில் உரிமையாளர்களின் நிலைப்பாடு

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. அதிலிருந்து ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை உறுப்பினர்கள் எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: பி.எஃப். கூடுமா, கூடினால் அது யார் தலையில் விழும்? பலருக்குக் கூடும். முதலாளியின் பங்கை முதலாளிதான் கட்ட வேண்டும். ஆள் கணக்கைக் குறைத்துக் காட்டித் தப்பிக்கும் பழக்கத்துக்கு இந்தச் சங்கம் இனித் துணை நிற்காது. அதில் மாட்டிக்கொண்டவருக்காகப் பரிந்து பேசவும் போகாது.

முதலில் சம்பளக் கணக்கு. நம் ஊர்த் தையல் யூனிட்டுகளிலும் துணிக்கடைகளிலும் பலர் செய்வது இதுதான்: சம்பளம் 14,000 என்றால் அடிப்படை 5,000, மீதி 9,000 வீட்டு வாடகைப்படி, பயணப்படி. பி.எஃப். 5,000-க்கு மட்டும், அதாவது 12 சதவீதத்தில் 600 ரூபாய். புதிய வரையறைப்படி இத்தகைய படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை சம்பளத்தோடு சேரும். ஆகவே 7,000-க்குக் கணக்கிட வேண்டும்: தொழிலாளியிடம் பிடித்தம் 840, முதலாளி பங்கும் 840. இன்ஷூரன்ஸ், நிர்வாகக் கட்டணம் என்று இன்னும் ஒரு சதவீதம் முதலாளி கணக்கில் வரும். இப்படி 22 பேர் வைத்திருக்கும் யூனிட்டுக்கு மாதம் ஏறத்தாழ 5,700 ரூபாய் கூடுதல் செலவு. சின்னத் தொகை என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் இதைப் புதிய அடி என்று அலறுவதும் சரியில்லை. எல்லோருக்கும் ஒரேபோல் கொடுக்கும் படிகளைப் பி.எஃப். கணக்கிலிருந்து ஒதுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. நம்மில் பலர் அதைப் படிக்காதது போல இருந்துவிட்டோம், அவ்வளவுதான்.

இந்தச் செலவை ஈடுகட்ட, "மொத்தச் செலவு 14,000-தான், என் பங்கும் அதற்குள்ளேயே அடக்கம்" என்று கையில் வரும் சம்பளத்தைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். முதலாளி பங்கைத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து எடுப்பது சட்டப்படி செல்லாது. புகார் வந்தால் சங்கம் தொழிலாளி பக்கம்தான் நிற்கும்.

இனி அந்தப் பத்தொன்பது. 20 பேர் சேர்ந்தால் பி.எஃப். கட்டாயம் என்பதால் மஸ்டர் ரோலில் 19-ஐத் தாண்டவிடாமல் வைத்திருப்பது, இருபதாவது ஆளுக்கு வவுச்சரில் கூலி கொடுப்பது, மனைவி பேரில் இன்னொரு யூனிட் போட்டு ஆளைப் பிரிப்பது, இவையெல்லாம் ஊரறிந்த ரகசியம். ஒரே வளாகம், ஒரே மெஷின்கள், ஒரே மேஸ்திரி என்றிருந்தால் அதிகாரி இரண்டையும் ஒரே நிறுவனமாகத்தான் பார்ப்பார். ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறவரும் எண்ணிக்கையில் சேருவார். ஒருமுறை சட்டத்துக்குள் வந்தபின் ஆள் குறைந்தாலும் வெளியே போக முடியாது. பிடிபட்டால் பழைய பாக்கியோடு ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும் மாதம் ஒரு சதவீத அபராதமும் சேரும். மிச்சப்படுத்தியது எல்லாம் அதிலேயே போய்விடும்.

தொழிலாளி இழப்பது இதைவிடப் பெரிது. ஓய்வூதியத்துக்குக் குறைந்தது பத்து ஆண்டு சேவை வேண்டும். ஒன்பது ஆண்டு வவுச்சரில் வேலை பார்த்துவிட்டு ஐம்பத்தைந்து வயதில் கணக்குத் தொடங்கும் தையல்காரருக்கு 58 வயதில் மாத ஓய்வூதியம் கிடைக்காது. முறையாகப் பதினைந்து ஆண்டு 15,000 ரூபாய்க்குக் கட்டியவருக்கு, சம்பளத்தைச் சேவை ஆண்டால் பெருக்கி 70-ஆல் வகுக்கும் கணக்கில், மாதம் 3,214 ரூபாய் வரும். பெரிய தொகை இல்லைதான். மருந்துக்கும் மின்கட்டணத்துக்கும் பிள்ளைகளிடம் கை நீட்டாமல் இருக்கலாம்.

பாரத் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டபின், இந்த ஊரில் வேலை என்றால் ஒன்று பெமல் தொழிற்சாலை, இல்லாவிட்டால் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூரு போவது, அதுவும் இல்லாவிட்டால் நம் பட்டறை என்றாகிவிட்டது. சுரங்கத்தில் இறங்கிய தகப்பனுக்குப் பி.எஃப். இருந்தது, லேத்தில் நிற்கும் மகனுக்கு இல்லை. நல்ல வெல்டர் நம்மிடம் இரண்டு வருடம் தொழில் கற்றுக்கொண்டு பெங்களூருக்குப் போய்விடுகிறார் என்று கூட்டத்துக்குக் கூட்டம் புலம்புகிறோம். போகிறவர்களைக் கேட்டால் கூடுதல் சம்பளத்துக்கு அடுத்தபடியாகச் சொல்வது இதைத்தான்: "அங்கே பி.எஃப். பிடிக்கிறாங்கண்ணா."

அடுத்து வரக்கூடியது பி.எஃப். சம்பள உச்சவரம்பின் உயர்வு. 2014 செப்டம்பர் முதல் 15,000 ரூபாயிலேயே நிற்கும் அதை 25,000 ஆக்கலாம் என்ற பேச்சு அடிபடுகிறது. உயர்த்துவதை நாங்கள் எதிர்க்கவில்லை. இத்தனை வருட விலைவாசிக்குப் பிறகு எதிர்க்க முகமும் இல்லை. ஆனால் ஒரே நாளில் செய்யக் கூடாது. 22,000 ரூபாய்க்குச் சேர்ந்ததால் இன்று திட்டத்துக்கு வெளியே இருக்கும் ஒரு ஃபிட்டருக்காக முதலாளி புதிதாக 2,640 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். பில் கொடுத்து மூன்று மாதம் கழித்துப் பணம் பார்க்கும் ஜாப் ஒர்க் பட்டறைக்கு இது மூச்சு முட்டும். ஐம்பது பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு இரண்டு கட்டமாக, ஆறு மாத முன்னறிவிப்போடு கொண்டுவர வேண்டும் என்று கேட்கிறோம்.

மத்திய அரசிடம் இன்னொரு கோரிக்கை. 2017 ஜூலைக்கும் 2025 அக்டோபருக்கும் இடையில் சேர்க்காமல் விட்ட தொழிலாளர்களை 100 ரூபாய் அபராதத்தோடு கணக்கில் கொண்டுவரலாம், பிடிக்காமல் விட்ட தொழிலாளி பங்கைக் கட்ட வேண்டாம் என்று 2025 நவம்பர் 1 அன்று ஒரு திட்டம் தொடங்கி, 2026 ஏப்ரல் 30-ஐக் கெடுவாக வைத்தார்கள். அதைப் பற்றிய விளம்பரம் இந்த ஊருக்கு வந்து சேரவே இல்லை. கெடுவை நீட்டிக்க வேண்டும். கன்னடத்திலும் தமிழிலும் விளக்கி, இங்கேயே முகாம் நடத்த வேண்டும்.

உறுப்பினர்களுக்கு: அடுத்த சம்பளப் பட்டியல் போடுமுன் ஆடிட்டரை உட்கார வைத்து ஒவ்வொருவரின் படிகளும் பாதியைத் தாண்டுகின்றனவா என்று பாருங்கள். புதிய ஆள் எடுப்பவர்கள் 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரையிலான மத்திய அரசின் வேலைவாய்ப்பு ஊக்கத்தொகையைக் கேட்டு வாங்குங்கள். கூடுதலாக எடுக்கும் ஒருவருக்கு மாதம் 3,000 வரை கிடைக்கும், ஆனால் பி.எஃப். பதிவு இல்லாதவருக்கு அது கிடையாது. பிடித்த பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டிவிடுங்கள். தவறினால் வட்டியும் அபராதமும் சேரும்.