பிரேக் சொல்வதைக் கேட்கப் பழகுவோம்

பாஸ்கல் தத்துவத்தின் பயன்பாடு ஒன்றைக் கூறு என்று எஸ்.பி.எம். இயற்பியல் தாளில் கேட்டால், நம் மாணவர்கள் யோசிக்காமல் "ஹைட்ராலிக் பிரேக்" என்று எழுதிவிடுவார்கள். ஓட்டுநர் தேர்வின் ஆர்.பி.கே. பகுதியில் எஞ்சின் மூடியைத் திறந்து பிரேக் எண்ணெய்க் குப்பியைக் காட்டச் சொன்னால், அதையும் தடுமாறாமல் காட்டுவார்கள். இரண்டிலும் புள்ளி கிடைத்துவிடும். ஆனால், "உங்கள் கார் பிரேக் மிதி போன மாதத்தைவிட இப்போது ஆழமாக இறங்குகிறதே, ஏன்?" என்று கேட்டால் அமைதிதான் பதில்.

ஜார்ஜ்டவுனில் படிவம் 5 மாணவர்களுக்கு இயற்பியல் டியூஷன் நடத்துகிறேன். ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கேள்வியைக் கேட்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் அதே அமைதி. படித்ததையும் ஓட்டுவதையும் இணைக்க நாம் கற்றுக்கொடுக்கவில்லை. இந்த இடைவெளி உயிரோடு விளையாடும் இடைவெளி என்பதுதான் என் கவலை.

நம் நாட்டில் 17 வயதில் கார் லைசென்ஸ் எடுக்கலாம். முதலில் கைக்கு வருவது பெரும்பாலும் அப்பா ஓட்டிய பழைய சாகா அல்லது அண்ணன் விட்டுச்சென்ற மைவி. லாரிக்கும் பேருந்துக்கும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சோதனை கட்டாயம். சொந்தப் பயன்பாட்டுக் காருக்கு அப்படி இல்லை. பெயர் மாற்றும்போது புஸ்பாகோம் போன்ற மையத்தில் சோதிப்பார்கள். அதன் பிறகு ஆண்டுகள் எத்தனை ஓடினாலும் பிரேக்கைப் பார்க்கச் சொல்லி யாரும் கடிதம் அனுப்பப் போவதில்லை. அந்தக் காரின் பிரேக் பரிசோதகர் நீங்கள்தான்.

பினாங்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. நகரத்து நெரிசலில் ஊர்ந்து போகும் கார், பிரேக்கின் பலவீனத்தை மறைத்துவிடும். டுரியான் பருவத்தில் நண்பர்களை ஏற்றிக்கொண்டு துன் சார்டோன் சாலை வழியாக பாலிக் புலாவுக்கு இறங்கும்போதுதான் உண்மையான தேர்வு தொடங்குகிறது. காரில் ஐந்து பேர், வளைவுக்கு வளைவு பிரேக், இடையில் ஆற நேரமில்லை. வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்று படித்திருக்கிறோம். அந்த ஆற்றல் முழுவதையும் வெப்பமாக மாற்றித்தான் பிரேக் காரை நிறுத்துகிறது.

மலைச்சாலையில் அந்தத் தேர்வில் தோற்றால் என்ன ஆகும் என்பதற்கு நாடு கண்ட பெரும் சான்று கெந்திங். 2013 ஆகஸ்டு 21-இல் கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்டனர். பிரேக் பராமரிப்பில் இருந்த குறைபாடும் விசாரணையில் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டப்பட்டது. பராமரிப்புக் குறைபாடு ஒரே நாளில் வருவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

விபத்துக்குப் பிறகு "திடீரென்று பிரேக் பிடிக்கவில்லை" என்று சொல்வது வழக்கம். இன்றைய கார்களில் பிரேக் எண்ணெய் இரண்டு தனித்தனிப் பாதைகளில் செல்கிறது; ஒன்று கெட்டாலும் மற்றொன்று ஓரளவு பிடிக்கும். ஆகவே, பிரேக் பெரும்பாலும் கொஞ்சம் கொஞ்சமாகவே தளர்கிறது. தளரும்போது சொல்லிக்கொண்டும் இருக்கிறது.

அதன் மொழி கடினமானதல்ல. எஞ்சின் ஓட, கார் நிற்கும்போது, மிதியை அரை நிமிடம் ஒரே அழுத்தத்தில் மிதித்துப் பிடியுங்கள். மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால், எங்கோ கசிகிறது அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்திருக்கிறது. மிதி பஞ்சுபோல் மெத்தென்று இருந்து, இரண்டு மூன்று முறை மிதித்தால் இறுகுகிறதா? குழாயில் காற்று புகுந்திருக்கலாம். திரவம் அமுங்காது, வாயு அமுங்கும். உங்கள் கால் விசை சக்கரத்துக்குப் போகாமல் காற்றை அமுக்குவதிலேயே தீர்ந்துவிடுகிறது. பாஸ்கல் பாடம் இங்கேதான் உயிர் பெறுகிறது.

மிதி கல்போல் இறுகியிருந்தால் வேறு சோதனை. எஞ்சினை அணைத்து, சில முறை மிதித்து, காலை எடுக்காமல் எஞ்சினை இயக்குங்கள். மிதி சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால், கால் விசைக்குத் துணைநிற்கும் பூஸ்டரையோ அதன் குழாயையோ பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் பிடிக்கையில் கார் ஒரு பக்கம் இழுத்தால், ஒரு சக்கரத்தின் கேலிப்பர் சிக்கியிருக்கலாம். கீச்சென்ற ஒலி பேட் தேய்ந்ததைச் சொல்லலாம்; கரகரவென்று உரசினால் இரும்போடு இரும்பு உராய்கிறது என்று பொருள். அந்தக் காரை அதற்குமேல் ஓட்டக் கூடாது.

பிரேக் எண்ணெயும் கவனம் கேட்கும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டோட் 3 வகை எண்ணெயின் கொதிநிலை, தரக்கட்டுப்பாட்டின்படி புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ். ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 140 பாகைதான். நீண்ட இறக்கத்தில் சூடேறி எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவி நிறையும். மிதி தரையைத் தொடும், கார் நிற்காது. அதனால்தான் கையேட்டில் சொன்ன காலத்தில் எண்ணெயை மாற்ற வேண்டும். இறக்கத்தில் கீழ்க் கியரில் இறங்க வேண்டும். தானியங்கிக் காரிலும் அதற்கான நிலை உண்டு. குப்பியில் அளவு குறைந்தால் ஊற்றி நிரப்புவதோடு விட்டுவிடாதீர்கள். பேட் தேய்ந்தாலும் அளவு குறையும், கசிந்தாலும் குறையும். எதனால் என்று தெரிய வேண்டும்.

இங்கே இளையோரிடம் ஒன்று சொல்ல வேண்டும். கேலிப்பருக்குச் சிவப்புச் சாயம் அடிக்கவும், துளையிட்ட டிஸ்க் வாங்கவும் பணம் சேர்ப்பவர்களை நான் அறிவேன். அதே காரில் எண்ணெய் கறுத்துக் கிடக்கும். டயர் வழுவழுவென்று இருக்கும். பிரேக் நிறுத்துவது சக்கரத்தை. காரை நிறுத்துவது டயர். நல்ல டயர், புதிய எண்ணெய், தரமான பேட், சரிப்படுத்திய பின்சக்கர டிரம் என்பதே பிரேக்கை மேம்படுத்தும் வரிசை. அழகு அதற்குப் பிறகு வரட்டும்.

எல்லாரும் மெக்கானிக் ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பிரேக்கைக் கழற்றிப் பூட்டுவது பழகிய கைகளின் வேலை. காணொளி பார்த்துச் செய்யும் வேலையல்ல. ஆனால், பட்டறையில் போய் "பிரேக் சரியில்லை அண்ணே" என்பதற்கும், "மிதித்துப் பிடித்தால் மெதுவாக இறங்குகிறது அண்ணே" என்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. முதலாவதில் அவர் ஊகிக்க வேண்டும். தேவையில்லாத பாகத்துக்கும் நீங்கள் வெள்ளியை எண்ணி வைக்க நேரலாம். இரண்டாவதில் எங்கே தேடுவது என்று அவருக்கு உடனே தெரியும்.

இதற்குப் புதிய பாடத்திட்டம் தேவையில்லை. பாஸ்கல் தத்துவம் நடத்தும் வாரத்தில், ஆசிரியர் தம் காரைப் பள்ளி வளாகத்தில் நிறுத்தி, மாணவர்களை ஒருவர்பின் ஒருவராக மிதியை மிதித்துப் பார்க்கச் சொல்லலாம். ஓட்டுநர் பயிற்சி நிலையங்கள், குப்பியைக் காட்டச் சொல்வதோடு நிறுத்தாமல், அளவு குறைந்தால் என்ன பொருள் என்றும் கேட்கலாம். பெற்றோர் சாவியைக் கொடுக்கும் நாளில் இந்த இரண்டு சோதனைகளையும் பிள்ளையோடு சேர்ந்து செய்யலாம். ஐந்து நிமிடம் போதும்.

மாணவ நண்பர்களே, இன்று மாலை வீட்டுக் காரில் உட்கார்ந்து மிதியை மிதித்து முப்பது வரை எண்ணிப் பாருங்கள். அது இறங்கினால், நாளைய பயணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பட்டறைக்குத் தொலைபேசி செய்யுங்கள்.