மலிவு யானை

பழைய வண்டி வாங்குவதை நான் குறை சொல்ல வரவில்லை. நான் என் வாழ்நாளில் புது வண்டி வாங்கியவனே அல்லன். பிறர் ஓட்டிக் கழித்ததில் ஏறுவது இழிவு என்கிற அசட்டுக் கௌரவமும் எனக்குக் கிடையாது. நான் சண்டைக்கு நிற்பது ஒரே ஒரு பொய்யோடுதான். "எழுபது லட்ச ரூபாய் வண்டி பதின்மூன்று லட்சத்துக்குக் கிடைக்கிறது" என்கிறார்களே, அந்தப் பொய்யோடு.

மாரண்டஹள்ளியில் என் தங்கை இருக்கிறாள். அவள் மகனுக்குத் தக்காளி விவசாயம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிற்றே, ஞாபகம் இருக்கிறதா? பட்டணத்து ஜனங்கள் வயிறெரிந்த அந்த மாதத்தில்தான் அவன் முதல் தடவையாகக் கடன்களை அடைத்துவிட்டுக் கையில் மிச்சத்தோடு நின்றான். அந்த மிச்சம் பெங்களூர்த் தரகர் ஒருவரிடம் போயிற்று. எஸ்.யூ.வி. என்கிறார்களே, அந்த உயரமான சீமைச் சொகுசு வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. வயசு ஒன்பதரை, ஓடியது 1,80,000 கிலோமீட்டர்.

"புதுசுல எழுபது லட்சம் மாமா! பதிமூணுக்கு முடிச்சிட்டேன்" என்றான்.

"அது இன்றைக்கும் எழுபது லட்ச ரூபாய் வண்டிதானப்பா" என்றேன். புகழ்ச்சி என்று நினைத்துக்கொண்டான்.

வண்டியின் விலை வருஷத்துக்கு வருஷம் இறங்கும். அதன் உதிரி பாகங்களின் விலை இறங்காது. வாங்கியவன் பதின்மூன்று லட்சத்து ஆசாமி என்பது உதிரி பாகத்துக்குத் தெரியாது. அது எழுபது லட்சத்து ஆசாமியிடம் கேட்ட பணத்தைத்தான் இவனிடமும் கேட்கும்.

கேட்டது. ஆறாவது மாதம் ஒரு காலையில் வண்டி ஒரு பக்கமாக, நோய்கண்ட மாடுபோலப் படுத்திருந்தது. ஊர் மெக்கானிக் வந்தார். டிராக்டரையும் பொலிரோவையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுகிறவர். குனிந்து பார்த்துவிட்டு, "இது காத்துல நிக்கிற வண்டிங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டார். ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் ரப்பர்க் காற்றுப் பைகள். வயசானால் ரப்பர் வெடிக்கும், காற்றுக் கசியும், கசிகிற காற்றை ஈடுகட்ட ஓயாமல் ஓடிக் கம்ப்ரஸரும் தீயும். அந்தச் சிகிச்சைக்கு வண்டியை லாரியில் ஏற்றிப் பெங்களூர் போக வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு கியர்பாக்ஸ்.

வண்டி வாங்கத் தக்காளி பணம் தந்தது. ரிப்பேருக்கு என் தங்கையின் சங்கிலி அடகுக்குப் போயிற்று.

இவ்வளவு மலிவாக அது எப்படி வந்தது? டில்லியிலிருந்து வந்தது. தலைநகர் வட்டாரத்தில் பத்து வருஷம் கடந்த டீசல் வண்டி ஓடக் கூடாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025-இல்தான் அந்தப் பிடி தளர்ந்தது. இடைப்பட்ட வருஷங்களில், பத்தாம் வயசை நெருங்கும் வண்டியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டவர்கள் பலர். தள்ளியவனுக்குத் தலைவலி தீர்ந்தது. வாங்கியவன் தடையில்லாச் சான்று, மறுபதிவு, தமிழ்நாட்டு ஆயுள் வரி என்று ஆபீஸ் படி ஏறினான்.

"விவசாயி சொகுசு வண்டியில் ஏறக் கூடாதா? அது பணக்காரனுக்கே எழுதி வைத்ததா?" என்று என்மேல் பாய வேண்டாம். ஏறட்டும், புது வண்டியிலேயே ஏறட்டும்! அப்படி ஒரு காலம் வந்தால் நான் மாலை போடுவேன். இங்கே நடப்பது சமத்துவம் அல்ல. கம்பெனி உத்தரவாதம் இருந்த நல்ல வருஷங்களை ஒருவன் அனுபவித்தான். கணக்கு முற்றுகிற வருஷங்களை இன்னொருவன் தலையில் கட்டினான். விருந்து அவனுக்கு, மளிகைக் கடன் இவனுக்கு.

கிலோமீட்டரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஒழுங்காக எண்ணெய் மாற்றி, நெடுஞ்சாலையில் இரண்டு லட்சம் ஓடிய வண்டி, ஷெட்டில் தூங்கிய வண்டியைவிட மேலாக இருக்கலாம். ஆனால் அதற்குச் சாட்சி வேண்டும். மீட்டர் சாட்சி அல்ல. மீட்டரைத் திருப்பிவைக்கக் கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். சர்வீஸ் ரசீதுகள்தான் சாட்சி. அவற்றைக் கேட்டு வாங்கு. தரகருக்கு வேண்டாத மெக்கானிக்கைக் கொண்டு வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் பார். வாங்கும் விலையில் பாதியைத் தனியே எடுத்து வைக்க முடியுமா என்று யோசி. முடியாதென்றால் அந்த வண்டி உனக்கு மலிவு அல்ல. யானை வாங்கியவன் அங்குசத்தோடு தப்ப முடியாது; தினமும் தீனி போட வேண்டும்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். வண்டி புளிய மரத்தடியில் நிற்கிறது. தக்காளி பழைய மினி லாரியிலேயே பாலக்கோட்டு மார்க்கெட்டுக்குப் போகிறது. தங்கையின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

வண்டியை விற்கப் போகிறானாம். மருமகனே, இதைப் படித்துவிட்டு என்மேல் கோபித்துக்கொள், பாதகமில்லை. ஆனால் வாங்க வருகிறவன் கையில் அந்த ரிப்பேர் ரசீதுகளை முதலில் கொடு. "எழுபது லட்ச ரூபாய் வண்டி" என்று மட்டும் சொல்லிவிடாதே. அவன் வீட்டிலும் ஒரு தாய் இருப்பாள்.